என் மகளின் உதவித்தொகையும் நான் எடுத்த ஏலக்காயும்

முருகனை நம்பிச் சஷ்டி விரதம் இருக்கும் சகோதரிகளுக்கும் பெரியவர்களுக்கும் போடியிலிருந்து சாந்தி எழுதுகிறேன். போன மாதச் சஷ்டிக் கூட்டத்தில் என் மகளுக்கு உதவித்தொகை கிடைத்ததைச் சொன்னேன். எல்லோரும் சந்தோஷப்பட்டீர்கள். நம் கூட்டம் வெளியிடும் மலருக்கு எழுதிக் கொடுங்கள் என்றீர்கள். அன்று நான் பாதியைத்தான் சொன்னேன். மீதிப் பாதி அசிங்கமானது. இப்போது அதையும் சேர்த்தே எழுதுகிறேன். அதை விட்டுவிட்டால் முருகன் எனக்கு என்ன செய்தான் என்பதே உங்களுக்குத் தெரியாமல் போய்விடும்.

போன ஆனி மாதம் என் வீட்டுக்காரர் படுத்துவிட்டார். அவர் ஜீப் ஓட்டுகிறவர். காலையில் போடியிலிருந்து கூலிக்குப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு மெட்டு மலைப்பாதையில் ஏறி, ஏலத்தோட்டங்களில் இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்ப அழைத்து வருவார். இருபது வருடம் அந்த வளைவுகளில் ஓட்டியதில் முதுகெலும்பில் வட்டு விலகிவிட்டது. டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, இனி மலை ஏற வேண்டாம் என்றார். ஆடியில் ஜீப்பை விற்றோம். வாங்கியவர் வண்டியை எடுத்துக்கொண்டு தெருமுனை திரும்பும்போது, இவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

எங்களுக்கு ஒரே மகள், அபிநயா. வெளியூரில் ஒரு பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறையில் பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். அவள் அந்தப் படிப்புக்குப் போனதே ஒரு வேடிக்கை. நான் பிறந்த ஊர் பொட்டிபுரம் பக்கம். அவள் சின்னவளாக இருந்தபோது அங்கே போனால், மலைக்குள் வரப்போவதாகச் சொன்ன ஆய்வுக்கூடத்தை வைத்துப் பெரியவர்கள் எல்லோரும் நியூட்ரினோ வேண்டும், நியூட்ரினோ வேண்டாம் என்று பேசிக்கொண்டிருப்பார்கள். அப்படியென்றால் என்ன என்று இவள் ஒவ்வொருவராகக் கேட்பாள். ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. நான் பி.ஏ. வரலாறு, தபாலில் படித்தவள். அந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டே அவள் அவ்வளவு தூரம் போய்விட்டாள்.

நான் ஏலக்காய் வியாபாரி ஒருவரின் குடோனில் வேலை பார்க்கிறேன். முப்பது பெண்கள் தரையில் வரிசையாக உட்கார்ந்து காய் பொறுக்குவார்கள். பிளந்த காய், பூச்சி விழுந்த காய், நிறம் போன காய் எல்லாம் தனித்தனியாகப் போகும். சல்லடையில் மேலே நிற்கும் பெரிய காய்க்கு எட்டு எம்.எம். என்று பெயர். அதுதான் விலை போகிற காய். நான் அந்தப் பெண்களுக்கு மேற்பார்வை. சாயங்காலம் வேலை முடிந்ததும் ஒவ்வொருத்தியும் வாசலில் என் முன்னால் நின்று சேலை மடியை உதறிக் காட்ட வேண்டும். ஒரு காய்கூட வெளியே போகக் கூடாது. பதினோரு வருடமாக அந்த வாசலில் நின்றவள் நான். எல்லோரும் போன பிறகு கடைசியாகப் போகிறவளும் நான்தான். என் மடியை யாரும் பார்ப்பதில்லை.

ஜீப் போன பிறகு என் சம்பளத்தில் வீடு நடக்கும், மருந்து வாங்கலாம், அவ்வளவுதான். அபிக்குத் தீபாவளி வரைக்கும் விடுதிக்குக் கட்டியிருந்தோம். அதற்கு மேல் வழியில்லை. படிப்பை நிறுத்தினால் அவள் எங்கே வருவாள் என்று எனக்குத் தெரியும். என் குடோனுக்குத்தான் வருவாள். முப்பத்தோராவது ஆளாகத் தரையில் உட்காருவாள். சாயங்காலம் என் முன்னால் நின்று மடியை உதறுவாள். அந்தக் காட்சி கண்ணில் வந்துகொண்டே இருந்தது.

ஆவணியில் அபி போன் செய்தாள். துறையில் படித்துப் போனவர்கள் சேர்ந்து வைத்திருக்கும் நிதியிலிருந்து இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகள் இரண்டு பேருக்கு உதவித்தொகை கொடுக்கிறார்களாம். படிப்பு முடியும்வரை கட்டணமும் விடுதியும் அவர்கள் பொறுப்பு. மதிப்பெண், வருமானச் சான்று, கைப்பட எழுதிய ஒரு பக்கம், பிறகு ஐப்பசியில் நேர்காணல். அவள் அந்த ஒரு பக்கத்தில் பொட்டிபுரத்தில் தன் கேள்விக்குப் பதில் கிடைக்காத கதையைத்தான் எழுதினாளாம். விண்ணப்பத்தைப் படம் எடுத்து எனக்கு அனுப்பினாள். கடைசி வரி வரை படித்தேன். எந்த வகையிலும் சிபாரிசு தேடுபவரின் விண்ணப்பம் தள்ளுபடி செய்யப்படும் என்று இருந்தது. படித்துப் புரிந்துகொண்டேன். பிறகு செய்ததையெல்லாம் புரியாமல் செய்தேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

சிலமலையில் தங்கப்பாண்டி என்று ஒருவர். எனக்கு அண்ணன் முறை. தாலுகா ஆபீஸ், மின்வாரியம், எங்கே என்ன சோலி என்றாலும் போடிக்காரர்கள் அவரைத்தான் தேடுவார்கள். அவர் தோள்பையில் எப்போதும் நாலைந்து ஏலக்காய்ப் பொட்டலம் இருக்கும். எங்கள் ஊரில் எந்த ஆபீஸுக்கும் வெறுங்கையோடு போகிற வழக்கம் இல்லை. கையெழுத்து வாங்கப் போனாலும் காய், கல்யாணப் பத்திரிகை வைக்கப் போனாலும் காய். லஞ்சம் என்று யாரும் நினைப்பதில்லை. ஊர்ச் சரக்கு, ஒரு மரியாதை என்பார்கள். நானும் அப்படித்தான் சொல்லி வந்தேன்.

வருமானச் சான்று வாங்க அவரிடம் போனபோது உதவித்தொகை விஷயத்தைச் சொல்லிவிட்டேன். அந்தத் துறை ஆபீஸில் தனக்கு வேண்டியவர் ஒருவர் இருக்கிறார் என்றார். விண்ணப்பத்தின் கடைசி வரியை அவருக்குப் படித்துக் காட்டினேன். சிரித்தார்.

"இத எதுக்குத்தா எழுதிப் போட்ருக்கான்? வாங்குற ஆளு உள்ள இருக்கான்னு நமக்குச் சொல்லத்தேன். வெறுங்கையோட போனா வாசல்லயே நிப்பாட்டிருவாய்ங்க. எட்டு எம்.எம். காயி அரைக்கிலோ கொண்டா. வெரசா கொண்டா. மத்தத நாம் பாத்துக்கிர்றேன்."

கேட்டபோதே அருவருப்பாகத்தான் இருந்தது. ஆனாலும் தலையை ஆட்டினேன்.

முதலாளியிடம் சொல்லிச் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளச் சொல்லி வாங்கியிருக்கலாம். எதற்கு என்று கேட்பார், சொல்லக் கூச்சம். அதனால் எடுத்தேன். மதியம் சாப்பிட்ட டிபன் டப்பாவைத் துடைத்துவிட்டு, அதில் ஒரு பிடி எட்டு எம்.எம். காயைப் போட்டு மூடிவிடுவேன். பெண்கள் மடி உதறி முடித்ததும், டப்பாவைக் கூடையில் வைத்துக்கொண்டு வெளியே வருவேன். முதல் நாள் இரண்டு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் மூடினேன். நாலாம் நாள் திரும்பிப் பார்க்கவில்லை. அதை நினைத்தால்தான் இப்போதும் என் மேலேயே எனக்கு அருவருப்பு வருகிறது. அரைக்கிலோ சேர்ந்ததும் பொட்டலம் கட்டித் தங்கப்பாண்டி அண்ணனிடம் கொடுத்தேன். புரட்டாசி முதல் வாரம் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டேன் என்றார்.

அதோடு நின்றேனா என்றால் இல்லை. ஆபீஸரைக் கவனித்தாயிற்று, சாமியையும் கவனிக்க வேண்டும் என்று தோன்றியது. கந்தசஷ்டிக்கு முருகனுக்கு நூற்றெட்டுக் காயில் ஏலக்காய் மாலை போடுவதாக வேண்டிக்கொண்டேன். அதற்கும் குடோன் காய்தான். ஒவ்வொரு காயாக ஊசியில் கோக்கும்போது வாய் சரவணபவ என்று சொல்லிக்கொண்டிருந்தது. நான் சஷ்டி இருக்க ஆரம்பித்துப் பதினாறு வருடம் ஆகிறது. நம் கூட்டத்தில் மற்றவர்களுக்கு விரத முறை சொல்லிக் கொடுக்கிறவள். என் கையால் திருட்டு மாலை கட்டினேன். எழுதும்போது கை கூசுகிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

தீபாவளி முடிந்து சஷ்டி தொடங்கியது. முதல் நாளே மாலையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். எங்கள் தெருக் கோயில் முருகன் ஆறு நாளும் அதைப் போட்டிருப்பதாக ஏற்பாடு. பச்சை மாலை, வெள்ளி வேல். பார்த்தவர்கள் எல்லோரும் யார் உபயம் என்று கேட்டார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. அடுத்த திங்கட்கிழமை அபிக்கு நேர்காணல்.

மூன்றாம் நாள் சாயங்காலம் குடோன் வாசலில் முத்துப்பேச்சி மடியை உதறினாள். ஏழு காய் தரையில் விழுந்தது. அவள் சிலமலையிலிருந்து வருகிறவள். நல்ல கை, காய் பொறுக்குவதில் அவளை மிஞ்ச ஆள் இல்லை. மாமியாருக்கு இரண்டு நாளாக வாந்தி நிற்கவில்லை, வெந்நீரில் தட்டிப் போட எடுத்தேன் என்றாள். விட்டிருக்கலாம். பதினோரு வருடத்தில் எத்தனையோ பேரை அதட்டிவிட்டு விட்டிருக்கிறேன். அன்று விடவில்லை. ஏன் என்று எனக்கு இப்போது தெரிகிறது. விரத நாளிலும் கொண்டுவந்த என் டப்பாவுக்குள் அந்த நேரத்தில் ஒரு பிடி காய் இருந்தது. ஆறாம் நாள் பாயசத்துக்கு என்று எடுத்தது. பொட்டலம் போய்ச் சேர்ந்து ஒரு மாதமாகியும் என் கை நிற்கவில்லை.

எல்லோர் முன்னாலும் அவளைத் திருடி என்றேன். முதலாளியைக் கூப்பிட்டேன். அவர் எட்டிப் பார்த்து, நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். முத்துப்பேச்சி அழவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"எங்க மடியெல்லாம் நீ பாக்குற சாந்தியக்கா. ஒன் டப்பாவ யாரு பாக்குறா?"

அவளுக்குத் தெரியுமா, சும்மா ஒரு வார்த்தையை எறிந்து பார்த்தாளா, இன்றுவரை எனக்குத் தெரியாது. பின்னால் நின்ற ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். கூடையைத் தூக்கிக்கொண்டு நேராகக் கோயிலுக்குப் போனேன். வேறு எங்கே போவது என்று தெரியவில்லை.

தீபாராதனை முடிந்திருந்தது. அர்ச்சகர் விபூதி கொடுத்துவிட்டு, மாலையிலிருந்து கழன்று விழுந்த இரண்டு காயையும் என் கையில் வைத்தார். உங்க மாலைதாம்மா, மூணு நாளாகியும் வாசம் போகல என்றார். பிரசாதம் ஆயிற்றே என்று வாயில் போட்டேன். கடித்ததும் அந்த வாசனை மூக்கு வரை ஏறியது. கோயில் பின்பக்கக் குழாயடிக்கு ஓடி வாந்தி எடுத்தேன். விரத வயிறு, தண்ணீர்தான் வந்தது. அந்த இரண்டு காயும் சாக்கடை ஓரத்தில் கிடந்தன. என்னையே நான் அங்கே கக்கிவிட்டது போல இருந்தது.

முகம் கழுவிக்கொண்டு உள்ளே வந்தேன். அர்ச்சகரிடம், அந்த மாலையைக் கழற்றிவிடுங்கள் சாமி, அது என் காய் இல்லை, திருடியது என்றேன். அவர் சன்னதிக்குள் போய் மாலையைக் கழற்றி ஒரு தட்டில் வைத்தார்.

"அவருக்கு முந்தியே தெரியும்மா. மூணு நாளாச் சொமந்துக்கிட்டுத்தான இருக்காரு" என்றார்.

அந்தத் தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் நான் வேண்டினேன். இரண்டு மாதமாக எதையாவது கொடுத்துக் கொடுத்தே கேட்டுக்கொண்டிருந்தவளுக்கு அன்று கொடுக்க ஒன்றுமில்லை. முருகா, உதவித்தொகை கேட்டு நான் வரவில்லை, கேட்க எனக்கு வாயில்லை என்றேன். நான் செய்ததை என் தலையில் போடு. என் பிள்ளை தலையில் போட்டுவிடாதே. அவளுக்கு ஒன்றும் தெரியாது. இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னேன். பூ விழவில்லை. பல்லி சொல்லவில்லை. ஆனால் எழுந்தபோது, மறுநாள் காலை எந்தப் பஸ்ஸில் ஏற வேண்டும் என்பது மட்டும் தெளிவாக இருந்தது.

வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சுவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "போய்ச் சொன்னா அபிக்குக் கெடைக்காதுடி" என்றார். தெரியும் என்றேன். கட்டிலைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நிமிர்ந்து, "சரி, போ. போகாம இருந்தீன்னா நீ இப்பிடியே ஆயிருவ" என்றார்.

மறுநாள் மதுரை போய், அங்கிருந்து இன்னொரு பஸ் மாறிப் பல்கலைக்கழகத்துக்குப் போனேன். துறைத் தலைவர் ஒரு பெண். என் வயதுதான் இருக்கும். பருத்திச் சேலை, மூக்குக் கண்ணாடி, மேசை நிறைய விடைத்தாள். அபிநயாவின் அம்மா என்றதும் உட்காரச் சொன்னார். நான் நின்றுகொண்டே சொன்னேன். உட்கார்ந்தால் சொல்ல முடியாது என்று பயம். காய் அனுப்பியதைச் சொன்னேன். அது எங்கிருந்து வந்த காய் என்பதையும் சொன்னேன்.

அவர் பேனாவை மூடி வைத்தார். யாரிடம் போய்ச் சேர்ந்தது என்று கேட்டார். தங்கப்பாண்டி அண்ணன் சொன்ன பெயரைச் சொன்னேன். அப்படி ஒருவர் தங்கள் அலுவலகத்தில் எப்போதும் இருந்ததில்லை என்றார். மணி அடித்து அலுவலகத்தில் இருந்த இரண்டு பேரையும் அழைத்துக் கேட்டார். போடியிலிருந்து ஒரு பொட்டலமும் வரவில்லை.

அப்போதுதான் உட்கார்ந்தேன். யாரும் கேட்காத காய். யாருக்கும் போகாத காய். அதற்காக நான் திருடியாகிவிட்டேன். ஒருத்தி பிழைப்பையும் கெடுத்துவிட்டேன்.

"வராத பொட்டலத்துக்காக நீங்க ஏன் இவ்வளவு தூரம் வந்தீங்க?" என்று அவர் கேட்டார்.

"அனுப்புனது நாந்தானங்க" என்றேன்.

அவர் ஒரு தாளை எடுத்து என் பெயரையும் தேதியையும் குறித்துக்கொண்டார். பிறகு, இதைக் கேட்டுவிட்டுக் கேட்காதது போல இருக்க முடியாது, குழுவில் மூன்று பேர் இருக்கிறோம், மற்ற இரண்டு பேருக்கும் சொல்லித்தான் ஆக வேண்டும், என்ன முடிவு வரும் என்று இப்போது சொல்ல முடியாது என்றார். சரி என்றேன். மகளுக்குத் தெரியுமா என்றார். தெரியாது என்றேன். அதற்குத்தான் அவர் முகம் மாறியது.

"அப்ப மொதல்ல அவகிட்டப் போய்ச் சொல்லுங்க. இது அவளுக்கு எங்க வாயால தெரியக் கூடாது."

சோதனைக் கூடத்துக்கு வெளியே ஒரு வேப்பமரம். அபி ரெக்கார்டு நோட்டோடு ஓடி வந்தாள். அப்பாவுக்கு என்ன, அப்பாவுக்கு என்ன என்று கேட்டாள். அப்பாவுக்கு ஒன்றுமில்லை என்று சொல்லி உட்கார வைத்தேன். சொன்னேன். அவள் கையை என் கையிலிருந்து உருவிக்கொண்டாள். நான் அடி வாங்கியிருந்தால்கூட அப்படி வலித்திருக்காது.

"எம் மார்க்கு பத்தலன்னு நெனச்சியாம்மா?" என்றாள்.

இல்லை என்றேன். அவள் நம்பியதாகத் தெரியவில்லை. மதுரை பஸ் வரைக்கும் கூட வந்தாள். ஜன்னல் பக்கம் நின்றாள். போய்ட்டு வர்றேன் என்றேன். தலையை மட்டும் ஆட்டினாள்.

போடியில் இறங்கியதும் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் தங்கப்பாண்டி அண்ணன் உட்கார்ந்திருந்தார். பொட்டலம் என்ன ஆயிற்று என்று கேட்டேன். கூச்சமே இல்லை அவருக்கு. அந்த ஆளு மாத்தலாகிப் போயிட்டாருத்தா என்றார். அப்படி ஓர் ஆளே இல்லையாமே என்றேன். வடையைப் பிய்த்துக்கொண்டே சொன்னார்: "அதுக்கு நா என்ன செய்ய? காயி வீணாப் போகும்ல, வித்துட்டேன். பாதிக் காசு வேணாத் தரட்டா?" விரலில் எண்ணெய், முகத்தில் அன்று பார்த்த அதே சிரிப்பு. திட்ட வாய் எடுத்தேன். திட்டவில்லை. அவர் விற்றது நான் திருடிய காய். எனக்கும் அவருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று தோன்றிவிட்டது.

அடுத்த நாள் முதலாளியிடம் போனேன். ஏறக்குறைய முக்கால் கிலோ எடுத்திருக்கிறேன், சம்பளத்தில் பிடித்துக்கொள்ளுங்கள், முத்துப்பேச்சியைத் திரும்பக் கூப்பிடுங்கள் என்றேன். போலீஸுக்குச் சொல்வார் என்று பயந்துகொண்டுதான் போனேன். அவர் சிரித்தார். "ஏம்மா, முக்காக் கிலோவுக்கா இந்த அழுக? நாங்க ஆபீஸ் ஆபீஸா அனுப்புறதெல்லாம் நீ பாத்ததில்ல போல" என்றார். அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. அவர் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுத்தமாக இருந்திருக்கும். மேற்பார்வையிலிருந்து என்னை எடுத்துவிடுங்கள் என்றும் கேட்டேன். சம்பளம் குறையும் என்றார். குறையட்டும் என்றேன். பைத்தியக்காரி என்று முணுமுணுத்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். முத்துப்பேச்சிக்கும் ஆள் அனுப்பினார்.

அவள் திங்கட்கிழமை வந்தாள். நான் தரையில் முறத்தோடு உட்கார்ந்திருந்தேன். எல்லோர் முன்னாலும் உன்னைச் சொன்னேன், எல்லோர் முன்னாலும் சொல்கிறேன், நான்தான் திருடி என்றேன். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து என் முறத்தை எட்டிப் பார்த்தாள். "பிளந்த காயெல்லாம் நல்ல காயோட கெடக்கு. பதினோரு வருசமா எங்கள வஞ்சவளுக்குக் காயி பொறுக்கத் தெரியல" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அழுதுவிட்டேன்.

அன்றுதான் அபிக்கு நேர்காணல். காலை பத்து மணியிலிருந்து என் கை காயில் இல்லை. என் தலையில் போடு, அவள் தலையில் போடாதே என்று அதே வார்த்தையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு அபி சொல்லித்தான் அங்கே நடந்தது தெரியும். அவர்கள் கேட்பதற்கு முன்பே, என் அம்மா செய்தது எனக்குத் தெரியும், அதை வைத்து என் விண்ணப்பத்தைத் தள்ளுபடி செய்தால் நான் தப்பு சொல்ல மாட்டேன் என்று அவளே சொல்லிவிட்டாளாம். குழுவில் இருந்த ஒரு வயதான பேராசிரியர், அதை நாங்கள் பேசிக்கொள்கிறோம், நீ முதலில் நியூட்ரினோ என்றால் என்ன என்று உன் ஊர்க்காரர்களுக்குப் புரிகிற மாதிரி சொல்லு என்றாராம். நாற்பது நிமிஷம் பேசினாளாம்.

கார்த்திகை பிறந்து முதல் செவ்வாய்க்கிழமை. மதியம் சாப்பாட்டு நேரம். போன் வந்தது. அறிவிப்புப் பலகையில் இரண்டு பெயர் ஒட்டியிருக்கிறார்கள், இரண்டாவது பெயர் என்னுடையது என்றாள். சிபாரிசு தேடியது மாணவியின் செயல் அல்ல, மாணவிக்குத் தெரிந்து நடந்ததும் அல்ல என்று குழு எழுதி வைத்திருப்பதாகத் துறைத் தலைவர் அவளிடம் சொன்னாராம். முத்துப்பேச்சிதான் போனை வாங்கி, "ஒங்கம்மா இங்க அழுதுக்கிட்டுருக்கா, நல்லாத்தான் இருக்கா, நீ வையி தாயி" என்றாள்.

மதிப்பெண் இருந்தது, கிடைத்தது, இதில் சாமி எங்கே வந்தது என்று சிலர் கேட்கலாம். கேட்கட்டும். நான் என்ன கேட்டேன் என்று எனக்குத் தெரியும். மாலை போட்டு, பொட்டலம் கொடுத்துக் கேட்டது ஒன்று. அதற்கு முருகன் பதிலே சொல்லவில்லை. என் குற்றம் அவள் தலையில் விழக் கூடாது என்று வெறும் வயிற்றோடு, வெறும் கையோடு கேட்டது இன்னொன்று. அதை அப்படியே, வார்த்தைக்கு வார்த்தை செய்து கொடுத்தான்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் எழுத மாட்டேன். வீட்டில் பாயசத்துக்கு ஏலக்காய் போடுவதை விட்டுவிட்டேன். யாராவது சிரித்துக்கொண்டே ஒரு பொட்டலத்தை நீட்டுவதைப் பார்த்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. குடோனில் தினமும் அந்த வாசனைக்குள்தான் உட்கார்ந்திருக்கிறேன். அது என்னை மறக்கவிடாது. மறக்காமல் இருப்பதும் நல்லதுதான் என்று இருக்கிறேன்.

சகோதரிகளே, நீங்களும் கேளுங்கள். பிள்ளைக்குப் படிப்பு, வீட்டுக்காரருக்கு வேலை, எது வேண்டுமானாலும் கேளுங்கள். கொடுப்பான். ஆனால் உங்கள் கையில் எடுக்கக் கூடாத ஏதாவது இருந்தால், அதை முதலில் கீழே வைத்துவிட்டுப் போங்கள். யாரிடமிருந்து எடுத்தீர்களோ அவரிடம் போய்ச் சொல்லுங்கள். அவமானம் வரும். நான் பார்த்துவிட்டேன், அவமானத்தில் யாரும் சாவதில்லை. அதைத் தாண்டி அந்தப் பக்கம் போனால் அவன் நிற்கிறான். இதை நான் கேள்விப்பட்டு எழுதவில்லை.

பொங்கல் விடுமுறைக்கு அபி வந்திருந்தாள். நாலு நாளும் அப்பாவோடு சிரித்துப் பேசினாள். என்னோடு கொஞ்சம் அளந்துதான் பேசினாள். திரும்பிப் போகும் நாள், வாசலில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றவள், சட்டென்று என் கையைப் பிடித்தாள்.

"இனிமே எனக்காக நீ எதுவும் செய்யாதம்மா. கும்பிடு. அது போதும்."

இந்த வாரம் அவளுக்குத் தேர்வு நடக்கிறது. நான் கும்பிட்டுக்கொண்டிருக்கிறேன். வேறு எதுவும் செய்யவில்லை.